சம்பளம் வாங்க மறுத்த ரெஜிமென்ட்

பட்டாளத்துக்குப் போனவர் ஒருவர்கூட இல்லாத தெரு எங்கள் நாகர்கோவில் பக்கம் குறைவு; முன்னாள் படைவீரர்கள் கூடும் இடத்தில் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பென்ஷன் கணக்கில்தான் வந்து நிற்கும். அதைக் கேட்டே வளர்ந்ததாலோ என்னவோ, அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்ற மாசசூசெட்ஸ் 54ஆம் தன்னார்வக் காலாட்படை ரெஜிமென்டின் வரலாற்றில், அதன் சண்டைகளைவிடச் சம்பளத் தகராறே என்னை அதிகம் ஈர்த்தது.

ஆளுநர் ஜான் ஆண்ட்ரூவின் முயற்சியால் 1863இன் தொடக்கத்தில் திரட்டப்பட்ட அப்படையில் வீரர்கள் கறுப்பினத்தவர், அதிகாரிகள் வெள்ளையர். அடிமை ஒழிப்புப் போராளி பிரெடெரிக் டக்ளஸின் மகன்களில் இருவர் அதில் சேர்ந்தனர். அவ்வாண்டு ஜூலை 18 அன்று, தென் கரோலினாவில் எதிரிகளான தென்மாநிலப் படையிடம் இருந்த வாக்னர் கோட்டையை நோக்கிக் குறுகிய கடற்கரை மணலில் முன்னேறிய சுமார் 600 பேரில் 270க்கும் மேற்பட்டோர் மாண்டோ, காயமுற்றோ, பிடிபட்டோ போயினர். ரெஜிமென்டின் தளபதி கர்னல் ராபர்ட் கோல்ட் ஷாவும் அங்கேயே மாண்டு விழுந்தார். கோட்டை அன்று பிடிபடவில்லை.

வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர். அதே தொகையைத் தருவதாகச் சொல்லிச் சேர்த்துக்கொண்ட இவர்களுக்கோ 10 டாலர் என்று நிர்ணயித்து, அதிலும் துணிக்கென 3 டாலரைப் பிடித்துக்கொண்டார்கள். கைக்கு வருவது 7. அதை ஒருவரும் வாங்கவில்லை. குறையும் தொகையை மாநிலமே ஈடுசெய்ய முன்வந்தபோதும், ஊரில் குடும்பங்கள் வறுமையில் வாடிய நிலையிலும் மறுத்துவிட்டனர். அவர்கள் கேட்டது சமமான படைவீரர் என்ற அங்கீகாரம். சம்பளமே வாங்காமல்தான் 1864 பிப்ரவரியில் புளோரிடாவின் ஒலஸ்டியில் போரிட்டனர். அங்கிருந்து பின்வாங்கும் வழியில் எஞ்சின் பழுதாகி நின்ற ரயிலை, அதிலிருந்த காயம்பட்டவர்களைக் கைவிட மனமின்றிக் கயிறு கட்டி இழுத்தே நகர்த்தினர்.

அவ்வாண்டு ஜூனில் சம ஊதியச் சட்டம் வந்தது. ஆனால் 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திரராக இருந்தவர்களுக்கே முழு நிலுவை என்று அதில் ஒரு கொக்கி இருந்தது. திருவிதாங்கூரில் அடிமை ஒழிப்புப் பிரகடனம் 1855இல்தான் வந்தது என்பதை அறிந்த நமக்கு, எந்தத் தேதியிலிருந்து நீ சுதந்திரன் என்று கேட்பதன் கொடுமை புரியாததல்ல. ஷாவுக்குப் பின் கர்னலான எட்வர்ட் ஹாலோவெல் இதற்கு ஒரு வழி கண்டார். அந்தத் தேதிக்கு முன் எவருக்கும் கூலியற்ற உழைப்பைத் தரக் கடமைப்பட்டிருக்கவில்லை என்று வீரர்களைச் சத்தியம் செய்யவைத்தார். அடிமைத்தனத்தையே நியாயமென ஏற்காத எவரும் மனச்சாட்சி உறுத்தாமல் அப்படிச் சொல்லலாம். சட்டத்தின் கொக்கியைச் சட்டத்தைக் கொண்டே கழற்றிய இந்தச் சாமர்த்தியத்தை நான் மிகவும் ரசித்தேன்.

பதினெட்டு மாதப் பாக்கி இலையுதிர்காலத்தில் கைக்கு வந்தது. அதன்பின் ஹனி ஹில், பாய்கின்ஸ் மில் சண்டைகளையும் கண்டு, 1865 ஆகஸ்டில் ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது. வாக்னரில் குண்டடி பட்டும் கொடியைக் கீழே விடாத வில்லியம் கார்னிக்கு வீரப் பதக்கம் வழங்கப்பட்டது 1900இல்.