பங்களா டிராக்டர்: பட்டறை நாட்குறிப்பு

ஜனவரி 11

எஸ்டேட் பங்களாவில் புல் வெட்டிக்கொண்டிருந்த குட்டி டிராக்டர் ஒன்று இன்று மதியம் பட்டறையில் வந்து இறங்கியது. ஊட்டிப் பக்கத்துக் கேத்தி பாலாடாவில் கேரட், பீட்ரூட் போடும் அண்ணன் ஏலத்தில் எடுத்திருக்கிறார். உட்கார்ந்து ஓட்டுகிற வகை. ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 13 எச்பி என்று மூடியில் எழுதியிருக்கிறது. கிராங்க், அதாவது எஞ்சினின் சுற்றும் தண்டு, நெட்டாக நிற்கும். அதன் அடியிலிருந்து ஒரு பெல்ட் கியர்பாக்ஸுக்கும் இன்னொன்று புல் வெட்டும் பிளேடுக்கும் போகிறது.

தோட்டத்திலிருந்து கேரட் கழுவும் மிஷின் வரை மூட்டைகளை இழுத்துவர வேண்டும், அதுதான் அண்ணனுடைய தேவை. இப்போது எல்லாம் தலைச்சுமை. சுமக்க ஆள் கிடைப்பதே பெரிய பாடு. “எஞ்சினைப் பெருசாக்கிடு தம்பி, 20 எச்பி போட்டுடலாம்” என்று ஆரம்பித்தார். முதலில் டயரைப் பாருங்கள் அண்ணே என்றேன். புல்லைக் கீறாமல் ஓடுவதற்கென்றே செய்த டயர் அது. ஆழமில்லாத சின்னச் சின்னக் கட்டங்கள். மழை பெய்த செம்மண்ணில் இரண்டு சுற்று சுற்றினால் கட்டங்களுக்குள் மண் அப்பி டயர் மொழுக்கென்று ஆகிவிடும். அப்புறம் எத்தனை எச்பி கொடுத்தாலும் நின்ற இடத்தில் சுற்றும். மலைக்கு வண்டி மாற்றித் தரச் சொல்லி வருகிற எல்லோரிடமும் நான் சொல்வது இதுதான்: முதலில் டயர், அடுத்து எடை. எஞ்சின் கடைசியில்.

அரை மனசாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஜனவரி 12

ஃபேன் கவரைக் கழற்றினோம். உள்ளே எலிக்கூடு. தைலமரப் பட்டை, சாக்கு நூல், பஞ்சு எல்லாவற்றையும் கொண்டுவந்து சிலிண்டரின் தகடுகளுக்கு நடுவே திணித்து வைத்திருக்கிறது. காற்றால் குளிரும் எஞ்சினுக்கு அந்தத் தகடுகள்தான் உயிர். ஸ்டார்ட் ஆகிறதே என்று அப்படியே ஓட்டியிருந்தால் பாதி நாளில் ஹெட் சூடேறி கேஸ்கெட் போயிருக்கும். மலையில் ஷெட்டில் கிடந்த எந்தச் சின்ன எஞ்சினையும் கவரைத் திறந்து பார்க்காமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. எலிக்குக் கதகதப்பான இடம் வேண்டும். இந்தக் குளிரில் அதைத் திட்டியும் பயனில்லை.

பட்டறைப் பையன் ஒவ்வொரு தகடாகக் குச்சி விட்டுச் சுத்தம் செய்தான். இருட்டும் வரை ஆனது.

ஜனவரி 14

பொங்கல். லீவு.

ஜனவரி 17

பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்ப்பரேட்டரின் நாள். கிண்ணத்தைத் திறந்தால் அடியில் வெள்ளைப் பொடி, ஓரமெல்லாம் பச்சைப் பாசி மாதிரி படிவு. மாதக்கணக்கில் பெட்ரோலை உள்ளேயே விட்டிருக்கிறார்கள். இப்போது வருகிற இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். இங்கே பாதி வருஷம் மேகத்துக்குள்தான் இருக்கிறோம், அதனால் நிறுத்தி வைக்கும் வண்டிகளில் இந்த வேலை அடிக்கடி வருகிறது. வாரக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் பெட்ரோல் குழாயை அடைத்து, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திருப்பி மிச்சத்தையும் வடித்துவிட வேண்டும். இரண்டு நிமிஷ வேலை.

பெட்ரோலை அளந்து விடும் சின்ன ஓட்டையுள்ள ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தாமல் கிளீனர் அடித்து ஊதினேன். பித்தளை மிருதுவானது. கம்பி பட்டால் ஓட்டை பெரிதாகிவிடும், அப்புறம் வண்டி பெட்ரோல் குடிக்கும். பெட்ரோல் பம்ப் ரப்பர் விறைத்துப் போயிருந்தது. டேங்க் கார்ப்பரேட்டருக்குக் கீழே இருப்பதால் கிராங்க் அறையின் காற்றுத் துடிப்பில் வேலை செய்கிற பம்ப் ஒன்று உண்டு. ரப்பர் விறைத்தால் அந்தத் துடிப்பு அதை அசைக்காது. புதிய கிட் சொல்லியிருக்கிறேன். ஹோஸ் எல்லாம் மாற்றியாகிவிட்டது.

ஜனவரி 18

புல்லில் வெள்ளையாக உறைபனி. கெட்டி ஆயில் ஊற்றிய எஞ்சின் எல்லாம் இந்த மாதத்தில் கயிற்றை இழுக்கவே விடாது. எஸ்ஏஇ 30 ஊற்றி வந்தவர்களுக்கு எல்லாம் குளிரில் இளகி ஓடும் 10டபிள்யூ-30 மாற்றச் சொல்கிறேன்.

நஞ்சநாட்டிலிருந்து களை எடுக்கும் பவர் வீடர் ஒன்று வந்தது. எஞ்சின் ஹோண்டா ஜிஎக்ஸ்160. கோயமுத்தூரில் வாங்கி நேராக மேலே கொண்டுவந்திருக்கிறார்கள். “அங்க நல்லா இழுத்துச்சு, இங்க வந்ததும் புகை தள்ளுது” என்பது புகார். பிளக்கைக் கழற்றினால் கரி. வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்று மெலிந்தது. காற்று குறைகிறது, ஜெட் வழியாக வருகிற பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதனால்தான் கரி. 1,500 மீட்டருக்கு மேல் ஓட்டுவதானால் கார்ப்பரேட்டரை மாற்றியமைக்க வேண்டும் என்று ஹோண்டா கையேட்டிலேயே போட்டிருக்கிறது. சிறிய எண் ஜெட் ஒன்று போட்டேன். பிளக் இடைவெளி 0.7 மில்லிமீட்டர். வால்வு இடைவெளி எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். கழற்றியதோடு அதையும் பார்த்துவிட்டேன். புகை நின்றது.

ஆனால் ஜெட் மாற்றியதால் போன சக்தி திரும்பி வந்துவிடாது, அதையும் அவரிடம் சொல்லி அனுப்பினேன். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3.5 சதவீதம் எச்பி குறையும். ஊட்டி உயரத்தில் கால் பங்கு காணாமல் போகிறது. பாலாடா அண்ணனுடைய 13 எச்பி இங்கே 10 எச்பிதான். இதே எஞ்சினைக் கீழே கொண்டுபோய் மறுபடி ஓட்டினால் பழைய ஜெட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பெட்ரோல் போதாமல் சூடேறும். பழைய ஜெட்டைக் காகிதத்தில் மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

ஜனவரி 20

டயர் முடிவாகிவிட்டது. அண்ணன் வந்திருந்தார், கூடவே அவருடைய மச்சானும்.

பின்னால் இருந்தது 20-க்கு 8.00-8. அதாவது 20 அங்குல உயரம், 8 அங்குல அகலம், 8 அங்குல ரிம். அந்த அளவில், மண்ணைப் பிடிக்க ரப்பர் கட்டை எழுந்த டயர் இங்கே சுலபமாகக் கிடைக்காது. ஆனால் பவர் வீடருக்கு வரும் 4.00-8 எங்கும் கிடைக்கும். ஆட்டோவுக்கும் அதே 4.00-8 என்பதால் ரிம், டியூப் எதற்கும் அலைய வேண்டியதில்லை. பழைய அகல ரிம்மில் அந்தக் குறுகிய டயர் உட்காராது. ஆகவே பக்கத்துக்கு இரண்டு ஆட்டோ ரிம், இரட்டைச் சக்கரம்.

“ரெட்டைச் சக்கரம்னா ஆக்சில் தாங்குமா?” என்று மச்சான் கேட்டார். சரியான கேள்வி. ஆக்சில் முக்கால் அங்குலம்தான். வெளியே தள்ளி இன்னொரு சக்கரம் மாட்டினால் வளைந்துவிடும். ஆனால் 4 அங்குல டயர் இரண்டு சேர்ந்தால் பழைய 8 அங்குல டயர் இருந்த இடத்திலேயே கிட்டத்தட்ட அடங்கிவிடுகிறது. நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் கல் சிக்கி இரண்டு டயரையும் அறுக்கும்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. வீடர் டயரை டேப் வைத்து அளந்தால் 16.5 அங்குலம்தான் உயரம். 20-லிருந்து 16.5 ஆகும்போது வேகம் ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறையும், இழுவை ஐந்தில் ஒரு பங்கு கூடும். உயரத்தால் போன இழுவையில் பெரும் பகுதியை எஞ்சினைத் தொடாமல் டயரிலேயே மீட்டுவிட்டோம். பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டியதும் அண்ணன் முகம் மாறியது. 20 எச்பி பேச்சு அதோடு நின்றது.

எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங்கையாவது கொஞ்சம் இழுத்துவிடச் சொன்னார். அதை மட்டும் செய்யமாட்டேன். நிமிஷத்துக்கு 3,600 சுற்றுக்கென்று செய்த கனெக்டிங் ராடு, பிஸ்டனைக் கிராங்கோடு இணைப்பது. அதைத் தாண்டினால் உடைந்து கிராங்க் கேஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஓட்டுகிறவர் கால் பக்கத்திலேயே எஞ்சின் இருக்கிறது.

ஜனவரி 23

சக்கரத்தை ஆக்சிலில் பிடிக்கும் ஹப்புக்காகக் குன்னூர் லேத்து பட்டறை. ஹப்பை ஆக்சிலோடு பூட்டும் சாவி உட்காரும் காடியை நான் நிற்கும்போதே வெட்டச் சொன்னேன். சாவி ஆடினால் ஏற்றத்தில் காடி தின்றுபோகும். நல்ல கை, பிசகில்லை.

ஜனவரி 26

டயர் மாட்டும் நாள். பையனுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தேன், எழுதியும் வைக்கிறேன்.

இது இரண்டு பாதியாகப் பிரியும் ரிம். ரிம்மில் இரண்டு வகை நட்டு இருக்கும். ஒரு வகை இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிப்பது, மற்றது சக்கரத்தை ஹப்பில் பிடிப்பது. காற்று இருக்கும்போது முதல் வகையில் ஸ்பேனர் வைத்தால் ரிம் வெடித்து முகத்துக்கு வரும். எனவே கழற்றுவதென்றால் முதலில் வால்வு பின்னை எடுக்க வேண்டும், காற்றுச் சத்தம் முழுசாக நின்றபின் டயரைக் காலால் அழுத்திப் பார்க்க வேண்டும், அதற்கப்புறம்தான் ஸ்பேனர். இதை மட்டும் பையன் வாயால் திருப்பிச் சொல்லும் வரை ரிம்மைக் கொடுக்கவில்லை.

டயருக்குள் பவுடர் தூவி, டியூபில் அது உருண்டை வடிவம் எடுக்கும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே வைத்தோம். வால்வை ஓட்டையில் நேராக நிறுத்தி ஒரு பாதி ரிம்மைக் கீழே, மறு பாதியை மேலே வைத்து நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்கினோம். இரண்டு பாதிக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறதா என்று விரல் விட்டுத் தடவிப் பார்த்தான். சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றடித்தோம், முழுக்க இறக்கினோம், மறுபடி அடித்தோம். முதல் தடவை அடிக்கும்போது டியூபில் விழுகிற மடிப்பு, இறக்கி ஏற்றினால் விரிந்துவிடும். விரியாத மடிப்பு இருக்கிற இடத்தில்தான் நாலு மாதம் கழித்து பஞ்சர். டயர் ஓரம் உட்காரவில்லை என்றாலும் 35 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. இறக்கிவிட்டு மறுபடி சோப்புத் தண்ணீர் போடுவதே வழி.

கட்டைகளின் திசை முக்கியம். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் கட்டைகள் கூரை மாதிரி, முனை மேலே பார்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் மண்ணில் முனை முதலில் இறங்கி, சேற்றை இரண்டு பக்கமும் தள்ளிவிடும். திருப்பி மாட்டினால் சேறு நடுவில் சேர்ந்துகொண்டே போகும். இடது சக்கரத்தை வலது பக்கம் மாட்டினால் திசை புரண்டுவிடும் என்பதால் ஒவ்வொரு ரிம்மிலும் சாக்பீஸால் இ, வ என்று எழுதினோம்.

ஓட்டும்போது 14 பவுண்டு. அதற்கும் கீழே விட்டால் பிடிப்பு கூடும்தான், ஆனால் ரிம்முக்குள் டயர் நழுவி வால்வைப் பிய்த்துவிடும். ரிம்மிலிருந்து டயர் வரை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவிட்டேன். கோடு உடைந்து விலகினால் டயர் நழுவுகிறது என்று அர்த்தம், காற்றைக் கூட்ட வேண்டும்.

ஜனவரி 27

எடை. பிளேடுப் பெட்டியைக் கழற்றியதும் வண்டி லேசாகிவிட்டது, நல்லதுதானே என்று அண்ணன் நினைத்திருந்தார். அந்தப் பெட்டி தரையை ஒட்டி இருந்த இரும்பு. அதை எடுத்ததால் வண்டியின் பாரம் மேலே ஏறிவிட்டது, கவிழ்வது சுலபமாகிவிட்டது. கீழே எடை சேர்த்தே ஆக வேண்டும்.

வால்வை மேலே நிறுத்தி, பின்னை எடுத்துவிட்டு, உயரத்தில் வைத்த கேனிலிருந்து டியூபுக்குள் தண்ணீர் விட்டோம். வால்வு மட்டம் வரை நிரம்பினால் முக்கால் பங்கு. ஒரு டியூபுக்கு ஐந்து லிட்டர், நாலுக்கும் சேர்ந்து 20 கிலோ. ஹப்புக்கு வெளியே மண்டியில் கழித்துப்போட்ட பழைய 10 கிலோ எடைக்கற்கள், பக்கத்துக்கு ஒன்று. எல்லாம் அச்சு மட்டத்தில் இருக்கிறது.

ஜனவரி 30

பாலாடாவில் ஓட்டிப் பார்த்தோம். நேற்று தூறல், மண் ஈரம். மூன்று பேர் சேர்ந்து தள்ளினாலும் ஏறாமல் வழுக்கிய அந்த ஓடையோர ஏற்றத்தில் முதல் கியரில் நிதானமாக ஏறியது. டயரைக் குனிந்து பார்த்தேன். கட்டைகளுக்கு நடுவே ஒட்டிய சேறு அரைச் சுற்றில் தானாக உதிர்கிறது. அண்ணன் சம்சாரம் தோட்டத்திலிருந்தே கை தட்டினார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

மேல் பாத்திக்கும் ஏற்றிப் பார்க்கலாம் என்றார் அண்ணன். அங்கே சரிவு அதிகம். 15 டிகிரிக்கு மேல் இந்த வண்டியை ஏற்றவே கூடாது. கவிழ்வது ஒரு பக்கம். எஞ்சினுக்குள் ஆயிலைத் தெளிப்பது அடியில் சுற்றுகிற சின்னப் பல்சக்கரம்தான். வண்டி சாய்ந்தால் ஆயில் ஒரு மூலைக்குப் போய்விடும். குறுக்குச் சரிவிலும் வேண்டாம், நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். மேல் பாத்திக்குப் பழையபடி ஆள்தான்.

பக்கத்துத் தோட்டம் உருளைக்கிழங்கு. அங்கே போய்விட்டு வந்தால் டயரைக் கழுவிவிட்டுத்தான் தன் தோட்டத்தில் இறக்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னேன். கிழங்கு வேரைத் தின்னும் தங்க நூற்புழுவை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடித்தது 1961-ல் ஊட்டி விஜயநகரத்தில். அதன் முட்டைக்கூடு மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும், ஒட்டிய மண்ணோடு ஊர் ஊராகப் போகும். வழவழப்பான டயரை விட இந்தக் கட்டை டயர் அதிக மண்ணைச் சுமக்கிறது. நாம் மாட்டிய டயரால் ஒரு தோட்டம் கெடக் கூடாது. கேரட் கழுவும் இடத்தில் தண்ணீர் அடிக்கும் ஹோஸ் இருக்கிறது, ஆனால் அந்தச் சேற்றுத் தண்ணீர் திரும்பத் தோட்டத்துக்குள் ஓடாத இடமாகப் பார்த்துக் கழுவ வேண்டும்.

பிப்ரவரி 3

டிரெய்லர் பேச்சு. எட்டு மூட்டை ஏற்றலாமா என்று போன். ஏறுவதில் சந்தேகமில்லை, இறங்குவதுதான் விஷயம். இந்த வண்டியின் பிரேக் கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கிற ஒரே ஒரு சின்ன டிஸ்க். இரண்டு பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியலுக்கு முன்னாலேயே அது பிடிக்கிறது. இறக்கத்தில் ஒரு பின்சக்கரம் மண்ணை விட்டு லேசாகத் தூக்கினால் போதும், அந்தச் சக்கரம் பின்னோக்கிச் சுற்ற, மற்றது முன்னோக்கி ஓட, பிரேக் பிடித்தபடியே வண்டி உருளும். பெல்ட் வண்டியில் எஞ்சின் பிடிப்பையும் முழுசாக நம்ப முடியாது.

வண்டியே 200 கிலோவுக்குப் பக்கம்தான். பிரேக் இல்லாத டிரெய்லர் அதைவிடக் கனமாக இருந்தால் இறக்கத்தில் வண்டியைத் தள்ளி மடக்கிவிடும். டிரெய்லர் சக்கரத்துக்கு ஆட்டோ டிரம் பிரேக் வைத்து, கைக்கு எட்டும் லிவரில் கேபிள் இழுக்கிறேன். கோயமுத்தூர் உக்கடத்தில் ஹப் இரண்டு பார்த்து வைத்திருக்கிறார்கள். அது மாட்டி முடியும் வரை மூன்று மூட்டைக்கு மேல் ஏற்றக் கூடாது, இறக்கத்தில் முதல் கியர் போட்ட பின்பே இறங்க வேண்டும், நடுவில் கியர் மாற்றவே கூடாது என்று சொன்னேன். “சரி தம்பி, மூணே ஏத்தறேன்” என்றார். நாளைக் காலை முதல் பஸ்ஸில் கோயமுத்தூர் போகிறேன்.