சேரும் வரை அழகு: ஷாங்காயில் உட்கார்ந்து சீனக் காதல் தொடர்கள் பார்ப்பது

சீனக் காதல் தொடர்களைப் பற்றி நான் சொல்ல நினைப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெண்டு பேர் மெல்ல மெல்ல நெருங்கி வருவதை இவர்கள் மாதிரி பொறுமையாகச் சொல்ல ஆள் இல்லை. அந்த ரெண்டு பேரும் சேர்ந்த பிறகு கதையைக் கொண்டு போகத் தெரியாமல் தடுமாறுவதும் இவர்கள்தான். இந்த ரெண்டையும் இந்த ஊரில் குடியிருந்து பார்க்கும்போது ஊரே கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்தது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வேலை கிடைத்து ஷாங்காய்க்கு வந்து புடோங் பக்கம் ஜாங்ஜியாங்கில் வீடு எடுத்தேன். ஆபீசில் ஆங்கிலம் ஓடிவிடும். வாசலைத் தாண்டினால் சீனம்தான். காய்கறிக் கடை, பார்சல் கொண்டுவரும் பையன், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, யாரிடமும் கையையும் போனையும் வைத்துத்தான் பேச வேண்டும். மாலை ஏழு மணிக்கு மேல் நேரம் நகராது. கீழ் வீட்டில் ஒரு ஆயி இருக்கிறார், வயதான பெண்களை இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், ரிட்டயர் ஆன நர்ஸ். அவர்தான் ஒருநாள் லிஃப்டில் என் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போய் டிவி முன்னால் உட்கார வைத்தார். எனக்குச் சீனம் கற்றுத்தர அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

நல்ல வழிதான். இங்கே டிவி தொடர் எதுவானாலும் அடியில் சீன எழுத்தில் வசனம் ஓடிக்கொண்டே இருக்கும். சீனர்களே அதைப் படித்துக்கொண்டுதான் பார்க்கிறார்கள், ஏனென்றால் ஊருக்கு ஊர் பேச்சு வேறு, எழுத்து எல்லோருக்கும் ஒன்று. இன்னொன்று, பல தொடர்களில் நாம் கேட்பது நடிகரின் சொந்தக் குரல் இல்லை. படப்பிடிப்புத் தளங்களில் இரைச்சல் அதிகம், நடிகர்களுக்கும் அவரவர் ஊர் வாடை பேச்சில் இருக்கும், அதனால் பிறகு டப்பிங் கலைஞர்கள் வந்து சுத்தமான மாண்டரினில், அதாவது பொதுச் சீனத்தில், பேசிக் கொடுக்கிறார்கள். புதிதாக மொழி கற்பவருக்கு இது பெரிய வரம், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழும். நடிப்புக்கு அது நஷ்டம் என்பதும் நாளாக ஆகத் தெரிந்தது. அழும் முகம் ஒன்றாகவும் அழும் குரல் வேறாகவும் இருப்பது ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் மறைக்கவே முடியாது. மார்க்கெட்டுக்குப் போனால் வயதானவர்கள் பேசும் ஷாங்காய்ப் பேச்சு தொடரில் வரும் மொழி மாதிரியே இருக்காது, அதுவும் வேறு விஷயம். 2023 கடைசியில் வோங் கர் வாய் இயக்கிய பிளாசம்ஸ் ஷாங்காய் என்ற தொடர் ஷாங்காய்ப் பேச்சிலேயே ஒரு வடிவமாக வந்தபோது ஆயி உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன். இந்தத் தொடர்களின் பலம் தாமதம். மீட் யுவர்செல்ஃப் என்று 2023 ஜனவரியில் ஹுனான் டிவியில் வந்த தொடர், நாற்பது எபிசோட், லியூ யிஃபெய்யும் லி சியனும் நடித்தது. பெய்ஜிங்கில் ஒரு பெரிய ஹோட்டலில் ஓடி ஓடி வேலை பார்க்கும் பெண், உயிர்த் தோழி புற்றுநோயில் இறந்துபோகிறாள், இவள் வேலையை விட்டுவிட்டு யுன்னான் மாகாணத்தில் தாலி என்ற ஊர் பக்கம் ஒரு கிராமத்துக்கு வந்து வீடு எடுத்துத் தங்குகிறாள். ஊரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று பெய்ஜிங் சம்பளத்தை விட்டுத் திரும்பி வந்த பையன் ஒருவன் அங்கே இருக்கிறான். இவ்வளவுதான் கதை. வில்லன் இல்லை. முதல் பத்து எபிசோடுக்குக் காதல் என்ற பேச்சே இல்லை. மரம் செதுக்குகிறவர்கள், பூவேலை செய்யும் பெண்கள், வெளியூருக்குப் போய்விட்ட பிள்ளைகளை நினைத்துக்கொண்டிருக்கும் கிழவிகள், இவர்களோடு அவள் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், நடக்கிறாள், தூங்குகிறாள். தோழி போன துக்கம் ஒரே காட்சியில் அழுது தீர்ந்துவிடவில்லை, எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் திடீரென்று வந்து நிற்கிறது. அவள் தேறிவரும் வேகத்தில்தான் காதலும் வருகிறது, ஒரு அடிகூட முந்தாமல். அதனால் அவன் கையை அவள் பிடிக்கும்போது நமக்கு நெஞ்சு அடைக்கிறது. தொடர் ஓடி முடிந்ததும் தாலிக்கு மக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிப் போனார்கள், என் ஆபீஸிலேயே லீவு போட்டுப் போனவர்கள் உண்டு.

இன்னொரு பலம், அன்பைச் செயலில் காட்டுவது. தொடரில் நாயகன் நாயகிக்கு இறால் உரித்துத் தட்டில் வைப்பான், வெந்நீர் ஊற்றிக் கொடுப்பான், ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தால் குனிந்து கட்டுவான், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடு என்பான். வந்த புதிதில் இதெல்லாம் திரைக்காகச் செய்யும் சர்க்கரைப் பாகு என்றுதான் தோன்றும். ஆயி வீட்டில் ஒரு அக்டோபர் மாதம் நண்டு சாப்பிடக் கூப்பிட்டார்கள். யாங்செங் ஏரி நண்டுக்கு இங்கே அதுதான் சீசன். ஆயியின் கணவர் அதிகம் பேசாத மனிதர், சாப்பாடு ஆரம்பித்து முடியும் வரை நான் கேட்டதெல்லாம் அவர் கத்தரியால் நண்டுக்காலை நறுக்கும் சத்தம்தான். ஒவ்வொரு காலையும் ரெண்டு பக்கமும் வெட்டி, மெல்லிய காலாலேயே உள்ளே இருக்கும் சதையைத் தள்ளி எடுத்து, ஓட்டுக்குள் மஞ்சள் கொழுப்போடு சேர்த்துக் குவித்து, இஞ்சி போட்ட வினிகரை மேலே ஊற்றி, மனைவி பக்கம் நகர்த்தி வைத்தார். ஆயி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் என்னோடு பேசிக்கொண்டே அதைச் சாப்பிட்டார். அடுத்த நண்டு. அதுவும் மனைவிக்கே. தன் நண்டைக் கடைசியில்தான் தொட்டார், அப்போது அது ஆறிப்போயிருந்தது. அன்றிலிருந்து தொடரில் இறால் உரிக்கும் காட்சி வந்தால் நான் பாகு என்று நினைப்பதில்லை. இந்த ஊரில் நிஜமாகவே இப்படித்தான் அன்பு காட்டுகிறார்கள், தொடர் எழுதுகிறவர்கள் அதை வீட்டில் பார்த்துத்தான் எழுதுகிறார்கள்.

இப்போது பலவீனம். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபமே வருகிறது, ஏனென்றால் இவ்வளவு நன்றாக ஆரம்பிக்கத் தெரிந்தவர்கள் இவர்கள். இருவரும் மனசு திறந்து பேசி, முத்தமும் கொடுத்தாயிற்று. தொடரில் இன்னும் பதினைந்து எபிசோட் பாக்கி. அப்புறம் ஆரம்பிக்கும் பாருங்கள். முன்னாள் காதலி ஊர் திரும்புவாள். ஒரே ஒரு போன் பேசினால் தீர்ந்துபோகும் சந்தேகம் அஞ்சு எபிசோட் இழுக்கும். "உன் நல்லதுக்குத்தான்" என்று காரணம் சொல்லாமல் ஒருவர் விலகிப் போவார், பெரும்பாலும் வெளிநாட்டுக்கு, திரையில் "மூன்று வருடங்களுக்குப் பிறகு" என்று வரும். இரண்டாவது நாயகி என்று ஒருத்தி, படித்தவள், அழகானவள், நல்ல வேலையில் இருப்பவள், அவளுக்கு இவர்களைப் பிரிப்பதைத் தவிர வாழ்க்கையில் வேறு வேலையே கொடுக்க மாட்டார்கள். எனக்கு மனசு ஆறவே ஆறாத விஷயம் இது. ஒரு பெண்ணின் அத்தனை திறமையையும் பொறாமையில் கொண்டுபோய்ப் புதைப்பது எழுதுகிறவரின் சோம்பேறித்தனம், வேறொன்றும் இல்லை.

ஏன் இப்படி என்று பார்த்தால் காரணம் கதைக்கு வெளியேதான் இருக்கிறது. பெரும்பாலான காதல் தொடர்கள் இணைய நாவல்களில் இருந்து வருகின்றன. ஜின்ஜியாங் மாதிரி தளங்களில் அத்தியாயம் அத்தியாயமாக ஓடியவை, ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்று வாசகர் காசு கட்டிப் படிப்பவை. ஆக நீளம்தான் வருமானம். அந்த நாவலைத் தொடராக்கி டிவிக்கோ இணையத் தளத்துக்கோ விற்கும்போது எபிசோட் கணக்கில் விலை. மறுபடியும் நீளம்தான் வருமானம். 2017இல் வந்த எடர்னல் லவ் ஐம்பத்தெட்டு எபிசோட். 2020 பிப்ரவரியில் அரசே தலையிட்டு, தொடர்கள் நாற்பது எபிசோடைத் தாண்டக் கூடாது, முப்பதுக்குள் இருந்தால் நல்லது என்று சொல்ல வேண்டி வந்தது. அதற்கப்புறம் கொஞ்சம் இளைத்திருக்கின்றன. 2023இல் வந்த ஹிடன் லவ் இருபத்தைந்திலேயே முடிந்தது, ஜாவ் லூசி நடித்தது, முடித்த பிறகு எனக்கு ஒரு எபிசோடும் வீணாகத் தெரியவில்லை. அண்ணனின் நண்பன் மேல் பள்ளி வயதில் வரும் ஆசையில் அது ஆரம்பிப்பதைப் பற்றி இங்கேயே நிறையப் பேர் முகம் சுளித்தார்கள், அந்தச் சங்கடம் எனக்கும் உண்டு.

அம்மா மதுரையில் இருந்து போன் செய்யும்போது, "ஏண்டி, அங்க போயும் சீரியல்தானா?" என்பாள். அம்மாவிடம் நான் சொல்லும் பதில், இங்கே தொடர் பெரும்பாலும் முழுசாக எடுத்து முடித்து, தணிக்கையும் தாண்டிய பிறகுதான் ஒளிபரப்பாகும், ரேட்டிங் பார்த்துக் கதையை வளைக்க முடியாது. ஒரு முடிவு இருக்கிறது, அது ஏற்கெனவே எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது பார்க்கிறவருக்குப் பெரிய நிம்மதி. நம் ஊரில் வருஷக்கணக்கில் ஓடும் தொடரில் அந்த நிம்மதி கிடையாது.

என் பெரிய வருத்தம் நீளம்கூட இல்லை. இந்த ஊரில் காதலுக்கு நடுவில் உண்மையாக எது நிற்கிறதோ, அது பெரும்பாலான தொடர்களில் வருவதே இல்லை. சனி ஞாயிறில் பீப்பிள்ஸ் ஸ்கொயர் மெட்ரோவில் இறங்கிப் பூங்காவுக்குள் போய்ப் பாருங்கள். நடைபாதை ஓரம் முழுக்கக் குடைகள் விரித்துத் தரையில் வைத்திருக்கும், ஒவ்வொரு குடை மேலும் ஒரு தாள் குத்தியிருக்கும். பிறந்த வருடம், உயரம், படிப்பு, சம்பளம், சொந்த வீடு உண்டா, ஷாங்காய்க் குடிப்பதிவு உண்டா. குடைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு அப்பாவோ அம்மாவோ. பையனும் பெண்ணும் அங்கே இருக்க மாட்டார்கள், பலருக்குத் தங்கள் பெயரில் குடை விரித்திருப்பதே தெரியாது என்று ஆயி சொல்வார். ஜாதகக் கட்டோடு தரகர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த என் அப்பாவைப் பார்த்தவள் நான், அந்தப் பெற்றோர் முகம் எனக்கு அந்நியமாகவே இல்லை. குடிப்பதிவு எந்த ஊர் என்பதைப் பொறுத்துத்தான் நாளைக்குப் பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைவரை பல விஷயங்கள் அமையும். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் மூன்று வருஷம் பழகிய பையனைப் பிரிந்தது முன்னாள் காதலியாலும் இல்லை, கார் விபத்தில் நினைவு தப்பியதாலும் இல்லை. வீட்டுக்கு முன்பணம் யார் கொடுப்பது என்ற பேச்சில் இரண்டு குடும்பமும் முகம் கொடுக்காமல் போயிற்று, அவ்வளவுதான். அதை அவள் கேன்டீனில் நூடுல்ஸ் ஆற ஆறச் சொல்லி முடித்தாள். தொடரிலோ ஒரு சின்னப் பத்திரிகை ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண் தனியாக ரெண்டு பெட்ரூம் வீட்டில் இருக்கிறாள், ஜன்னலுக்கு வெளியே ஆறு தெரிகிறது.

இதைத் தொட்ட தொடர்கள் இல்லாமல் இல்லை, தொட்டவைதான் மனசில் நிற்கின்றன. 2020இல் வந்த நத்திங் பட் தர்ட்டி இதே ஷாங்காயில் முப்பதைத் தொடும் மூன்று பெண்களின் கதை, அதில் காதலும் கல்யாணமும் வாடகை, வேலை, பிள்ளையின் பள்ளி எல்லாவற்றோடும் பிணைந்துதான் வருகின்றன. எபிசோட் முடிவில் வெங்காயத்தாள் ரொட்டி விற்கும் ஒரு குடும்பத்தை வசனம் இல்லாமல் கொஞ்ச நேரம் காட்டுவார்கள், எனக்கு அந்தக் குடும்பத்துக்காகவே தொடரைப் பார்க்கத் தோன்றும். 2021இல் வந்த யூ ஆர் மை குளோரி வெளியே பார்த்தால் நட்சத்திர நடிகையும் பள்ளித் தோழனும் சேரும் இனிப்பான கதை, யாங் யாங்கும் திலரபாவும் நடித்தது. உள்ளே ஒரு நிஜமான கேள்வி இருக்கிறது. அவன் விண்வெளித் துறையில் பொறியாளர், உயிராக நினைக்கும் வேலை, சம்பளம் போதவில்லை, அப்பா அம்மாவைப் பார்க்க வேண்டும், வேலையை விட்டுப் பணம் வரும் பக்கம் போவதா வேண்டாமா. அந்தத் தவிப்பு இருக்கும்வரை கதை நிமிர்ந்து நடக்கிறது. அவன் முடிவெடுத்து, இருவரும் சேர்ந்த பிறகு கடைசி எபிசோடுகளில் ஒருவருக்கொருவர் ஊட்டிவிடுவதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மேலே சொன்ன வியாதிதான்.

ஒன்று மட்டும் நல்லபடியாக மாறி வருகிறது. தைவானில் 2001இல் வந்த மீட்டியர் கார்டனில் இருந்து பணக்கார முரட்டு நாயகன், கத்துவது, மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போவது என்று ஒரு வழக்கம் ரொம்ப காலம் ஓடியது. அதைக் காதல் என்று பள்ளிப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்தார்கள். 2025இல் வந்த தி ஃபர்ஸ்ட் ஃப்ராஸ்ட்டில் நாயகிக்குச் சின்ன வயதில் உறவுக்காரனால் ஏற்பட்ட காயம் இருக்கிறது, நாயகன் அவளை அவசரப்படுத்தாமல் காத்திருக்கிறான், கதையும் காத்திருக்கிறது. ஆயி அதைப் பார்த்துவிட்டு, "எங்க காலத்துல இதையெல்லாம் யாரும் வாயத் திறந்து சொல்ல மாட்டாங்க" என்றார், அன்றைக்கு அதற்கு மேல் டிவி பார்க்கவில்லை, நர்ஸாக இருந்தபோது பார்த்த பெண்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

இங்கே புதிதாக வருகிறவர்கள் எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டால் மீட் யுவர்செல்ஃப் என்றுதான் சொல்வேன். பேச்சு நிதானமாக இருக்கும், அடியில் ஓடும் எழுத்தைப் பிடிக்க நேரம் கிடைக்கும். கத்தலும் விபத்தும் இல்லாததால் சொல் புரியாவிட்டாலும் கதை தவறாது. பழங்காலத் தேவலோகக் கதைகளில் மட்டும் முதலில் கை வைக்காதீர்கள். அதில் வரும் மொழியை மார்க்கெட்டில் போய்ப் பேசினால் ஒரு கட்டுக் கீரைகூட வாங்க முடியாது.