படிப்பதா, ஊகிப்பதா

மார்ச் 3

பேச்சும் வலது கையும் வராமல் ஆஸ்பத்திரியில் இருக்கும் அப்பா இடது கையால் எழுதிய தாள் சட்டைப்பையில் இருக்கிறது. ஒரே ஒரு சொல். ஆறு முறை படம் எடுத்துப் பார்த்துவிட்டேன். கைபேசி ஆறு முறையும் தயங்காமல் விடை சொன்னது. ‘கல மண’ என்றது. ‘தவ யனா’ என்றது. ஒருமுறை வெறும் எண்களைக் காட்டியது. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரா? கால் வலிக்கிறதா? விளக்கை அணைக்க வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையை அசைத்தார். எழுத்து அட்டையை நீட்டினேன். தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மார்ச் 4

அக்கா கொண்டுவந்த மூலிகைத் தூள் பெட்டி முழுக்க ஜப்பானிய எழுத்து. கேமராவை மேலே பிடித்ததும் தமிழ்ச் சொற்கள் வந்து உட்கார்ந்தன. கை சற்று நடுங்கினால் சொல் மாறிவிடுகிறது. எப்போது கொடுக்க வேண்டும் என்ற வரியை ஒரு தடவை ‘உணவின் நடுவே’ என்றது, அடுத்த தடவை ‘உணவுகளுக்கு இடையே’ என்றது. இரண்டும் ஒன்றா? அக்காவிடம் கேட்டேன். அந்தச் சொல்லை ‘ஷொக்கான்’ என்று படிக்க வேண்டுமாம். ஒரு வேளை உணவுக்கும் அடுத்த வேளைக்கும் இடைப்பட்ட நேரம், அதாவது சாப்பிட்டு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து. ஜப்பானியர்களே அதைச் சாப்பிடும்போது என்று தவறாக எடுத்துக்கொள்வது உண்டாம். மருத்துவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, மற்ற மாத்திரைகளோடு இது வேண்டாம் என்றார். பெட்டியைப் பைக்குள் வைத்துவிட்டேன். அந்த இரண்டு விடைகளும்தான் மனதை விட்டுப் போகவில்லை. இரண்டையும் ஒரே உறுதியோடு சொன்னதே!

மார்ச் 5

அதே தாள். ஜன்னல் வெளிச்சத்திலும் அதேதான்.

மார்ச் 7

இரவு முழுவதும் உறக்கமில்லை. பழகிக்கொண்டவற்றை எழுதி வைக்கிறேன். அசையும் காட்சியை நம்பக் கூடாது. படம் எடுத்து, வேண்டிய வரியை மட்டும் வெட்டிக் கொடுக்க வேண்டும். மாத்திரை அட்டையின் பளபளப்பைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தெரியும். புட்டியின் வளைவில் ஓரத்து எழுத்துகள் நசுங்கிவிடும். திருப்பித் திருப்பி மூன்று படமாக எடுப்பதே நல்லது. மில்லிகிராம் எண்களையும் மருந்தின் பெயரையும் என் கண்ணாலும் ஒருமுறை படித்துவிட வேண்டும். அச்சு எழுத்து என்றால் இவ்வளவும் உதவுகிறது.

அப்பாவின் கையெழுத்துக்கு எதுவும் உதவவில்லை.

மார்ச் 8

2010 டிசம்பரில் ‘வேர்ட் லென்ஸ்’ வந்தபோது அப்பாவிடம்தான் முதலில் காட்டினேன். ஸ்பானிஷ் பலகை ஒன்றின் படத்துக்கு நேராகக் கைபேசியைப் பிடித்ததும், பலகையின் எழுத்து அதே இடத்தில் ஆங்கிலமாக மாறியது. இணையமே தேவைப்படவில்லை. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “இது படிக்கிறதா, ஊகிக்கிறதா?” என்று கேட்டார். படிக்கிறது என்று சொல்லிவிட்டேன். தனக்குத் தெரிந்த வடிவங்களில் எது அருகில் இருக்கிறதோ அதைத்தான் தேர்ந்தெடுக்கிறது என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். தெரியாத வடிவம் வந்தாலும் அருகில் இருப்பதைச் சொல்லத்தான் செய்யும்.

மார்ச் 10

மறுபடி அதே சொல்லை எழுதினார். பெரிதாக, தாளின் பாதி அளவுக்கு. படிக்க முடியவில்லை அப்பா என்று சொல்ல நேர்ந்தது. வெளியே வந்து வராந்தாவில் நின்று அழுதேன்.

மார்ச் 11

கண்டுபிடித்துவிட்டேன்.

காப்பீட்டுத் தாள்களைத் தேடும்போது அப்பா 1971இல் அம்மாவுக்கு எழுதிய கடிதம் கிடைத்தது. “கவலை வேண்டாம்” என்ற இடத்தில் லை இன்றைய லை அன்று. முன்னால் தனியாக நிற்கும் இணைக்கொம்பு இல்லை. எழுத்தின் தலையிலேயே யானைத் துதிக்கை போல ஒரு வளைவு. கேமராவை வைத்தேன். அங்கேயும் தடுமாறியது. சட்டைப்பையில் இருந்த தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே துதிக்கை! ஒன்றல்ல, இரண்டு.

பெரியார் 1935இலேயே குடிஅரசு இதழில் மாற்றிய எழுத்து அது. தமிழக அரசு ஆணை 1978இல்தான் வந்தது. ணை, லை, ளை, னை நான்கும் துதிக்கையை இழந்தன. எனக்குத் தெரிந்து அப்பா புதிய முறையில்தான் எழுதுவார். அது வலது கை பழகிய பழக்கம். இடது கைக்கு எது வரும்? சிலேட்டில் முதலில் எழுதியதுதான் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நான் தலை வேறு, துதிக்கை வேறாகப் பார்த்து, கோணல் கோடு என்று எண்ணி, அந்தக் கோடுகளை வெட்டிவிட்டல்லவா கைபேசிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்!

த. துதிக்கையோடு ல. ய. துதிக்கையோடு ண.

தலையணை.

மார்ச் 12

வீட்டிலிருந்து அவருடைய மெல்லிய தலையணையைக் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரித் தலையணை உயரம், கழுத்தை மடக்கியிருக்கிறது. மாற்றி வைத்ததும் கன்னத்தை அழுத்திக்கொண்டு மூன்று மணி நேரம் தூங்கினார்.

எழுந்ததும் தாள் கேட்டார்.

மார்ச் 13

இன்று நான்கு சொற்கள். அம்மா. ஜன்னல். வேளை. நான்காவதில் துதிக்கை ஒன்று இருக்கிறது, அதற்குமுன் இருப்பது ம ஆகவும் இருக்கலாம், ழ ஆகவும் இருக்கலாம். கைபேசியை எடுக்கவில்லை. விளக்கை அருகில் இழுத்து வைத்துக்கொண்டு