பேனாவை மூடி வைத்த பிறகு

"இதையும் எழுதுவீங்களா மேடம்?" என்று, சிறையில் என்னிடம் மனநல ஆலோசனைக்கு வரும் கைதி ஒருவர் கேட்டார். நான் பேனாவை மூடி மேசையில் வைத்தேன். அதற்கப்புறம்தான் அவர் பேசினார். எழுத மாட்டேன் என்று நான் வாயால் சொல்லவில்லை. இந்த ஒன்றரை வருடத்தில் எத்தனையோ முறை இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பேனாவை மூடி வைப்பதை ஒரு மனிதர் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

ஆயுள் தண்டனை, ஐம்பதைத் தாண்டிய வயது, தையல் கூடத்தில் வேலை. மகள் நான்கு மாதமாகப் போனை எடுப்பதில்லை. போன் பேசும் நாளில் வரிசையில் நின்று, மணி அடித்து ஓய்வதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருவாராம். பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியக்கூடாது என்று, யாரும் எடுக்காத போனில் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைப்பாராம். அதைச் சொல்லி முடித்த கையோடு, "ராத்திரி படுத்தவன் அப்படியே எந்திரிக்காமப் போயிட்டா நல்லாருக்கும்" என்றார்.

இப்படி ஒரு பேச்சு வந்தால் அடுத்த கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். சாக வேண்டும் என்ற அலுப்பு வேறு, அதற்கான திட்டம் வேறு. அதனால் எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தார். "இங்க அதுக்கு என்ன மேடம் வழி இருக்கு?" என்றார். சிரித்த மாதிரியும் இருந்தது.

அந்த வாக்கியத்தை எப்படிப் படிப்பது? அதெல்லாம் நடக்கிற காரியமா என்ற சலிப்பா? இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன் என்கிறாரா? "தேடினீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. கைதிகளைக் கணக்கு எடுக்க நேரமாகிவிட்டது என்று வார்டர் கதவைத் தட்டினார், அவரும் எழுந்துவிட்டார். வார்டர்மேல் பழி போட எனக்கு மனமில்லை. இரண்டு நிமிடம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம், எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் கோப்பில் எழுதினேன். மேலதிகாரியிடமும் சிறை மருத்துவரிடமும் சொன்னேன்.

சட்டம் என் பக்கம்தான் இருந்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 23ஆம் பிரிவு, சிகிச்சைக்கு வருபவரின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் வெளியிடலாம் என்றும் சொல்கிறது. எண்களும் என் பக்கம்தான். 2022இல் இந்தியச் சிறைகளில் இயற்கைக்கு மாறாக இறந்தவர்கள் 159 பேர் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். அதில் 119 தற்கொலைகள். இந்த எண்ணைத் தெரிந்து வைத்துக்கொண்டு, "சிரித்த மாதிரி இருந்தது" என்பதை நம்பி வீட்டுக்குப் போய்த் தூங்க என்னால் முடியாது. இன்றைக்கும் முடியாது.

ஆனால் அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. ஆபத்தைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு தகவலை மட்டும்தான் வெளியிட வேண்டும். நான் எழுதியது ஒரு முழுப் பத்தி. மகள் போன் எடுக்காதது, எடுக்காத போனில் அவர் பேசுவது, எல்லாம் அதில் இருந்தது. கண்காணிப்பு தேவை, மனநல மருத்துவர் பார்க்க வேண்டும் என்று இரண்டு வரி போதாதா? போதும். அப்போது போதாது என்று தோன்றியது, இரண்டு வரியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று பயந்தேன். அந்தப் பயமும் பொய்யில்லை.

அன்று இரவே அவரை ஆஸ்பத்திரி பிளாக்குக்கு மாற்றினார்கள். கத்திரி இருக்கும் இடம் என்பதால் தையல் வேலை போயிற்று, அதோடு கூலியும். துண்டை வாங்கிக்கொண்டார்கள். அரைஞாண் கயிற்றை அறுத்தார்கள். யாரும் கொடுமை செய்யவில்லை, ஒரு சிறையில் உயிரைக் காப்பது என்றால் நடைமுறையில் இதுதான். மனநல மருத்துவர் வந்து பார்த்து மாத்திரை எழுதினார். பதினோரு நாள் கழித்து அந்தக் கைதி என் அறைக்கு வந்தார்.

"கயித்தக்கூட அறுத்துட்டாங்க மேடம். எங்கம்மா கட்டினது."

குரலில் கோபமே இல்லை. நான் ஏன் எழுதினேன் என்று விளக்க ஆரம்பித்தேன். உங்கள் நல்லதுக்குத்தான் என்றேன். அந்த வார்த்தையை அவர் வாழ்க்கையில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று சொல்லும்போதே உறைத்தது. மன்னிப்புக் கேட்டேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். கேட்கவில்லை. எதற்கென்று கேட்பது? எழுதியதற்கென்றால் அது பொய், மறுபடியும் எழுதுவேன். பேனாவை மூடியதற்காகக் கேட்டிருக்க வேண்டும். முதல் நாளே, "நீங்க சொல்றது எங்கிட்டயே இருக்கும், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் தவிர" என்று எல்லோரிடமும் சொல்வேன். அவரிடமும் சொன்னேன். ஆனால் அவர் கேட்ட அந்த நிமிடத்தில் அதைத் திருப்பிச் சொல்லியிருந்தால் அவர் பேசியிருக்க மாட்டார். பேசாமல் போயிருந்தால்? அங்கே வந்ததும் எப்போதும் நின்றுவிடுகிறேன்.

சரி, அவர் உயிரோடு இருக்கிறாரே என்று வீட்டில் சொன்னார்கள். இருக்கிறார். நான் எழுதியதால்தான் இருக்கிறாரா, எழுதாவிட்டாலும் இருந்திருப்பாரா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. மூன்றாம் மாதம் தையல் கூடத்துக்குத் திரும்பிவிட்டார். அதற்காக நானும் கடிதம் எழுதினேன். அது சின்ன விஷயம்.

செவ்வாய்க்கிழமை தவறாமல் வருகிறார். வராமல் இருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் எளிதாக இருக்கும். "நல்லா இருக்கேன் மேடம், தூக்கம் வருது, சாப்பிடறேன்" என்கிறார். மகள் பேசினாளா என்று கேட்டால், "பேசினா மேடம், சரிம்மான்னு சொல்லிட்டு வச்சேன்" என்கிறார்.