சிலோன் குடியுரிமைச் சட்டங்கள்: குரூப் 1 மெயின்ஸுக்கு எப்படிப் படிப்பது?

இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போன தமிழரின் வழிவந்தவர்களான மலையகத் தமிழர் பற்றிக் கேள்வி வந்தால் நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய எழுதுவார்கள். ஊருக்கு ஊர் சிலோன் போய் வந்த குடும்பம் இருப்பதால் விஷயம் தெரியும். ஆனால் மதிப்பெண் சட்டத்தில்தான் இருக்கிறது. எந்தச் சட்டத்தைப் படித்தாலும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்தக் காகிதத்தைக் காட்டியவரைக் குடிமகன் என்று ஏற்றார்கள்?

கங்காணி (ஆள் பிடித்துத் தோட்டத்துக்கு அழைத்துப் போன மேஸ்திரி) காலத்துக்கு ஒரு பத்தி போதும். அதில் 'துண்டு' கட்டாயம் வர வேண்டும். தொழிலாளியின் கடனைக் குறித்த சீட்டு அது. கடனைக் கட்டுகிற தோட்டத்துக்கு அவர் மாறிப் போகலாம். கடனும் கூடவே போகும். 1921-இல் இதை ஒழித்தார்கள். அடுத்து 1922 இந்தியக் குடிபெயர்வுச் சட்டம். 1939-இல் இந்தியா இலங்கைக்குக் கூலியாட்கள் போவதையே தடுத்தது. ஆட்கள் கப்பலேறிய தூத்துக்குடி 1986 வரை திருநெல்வேலி மாவட்டம். பழைய அறிக்கைகளில் திருநெல்வேலித் தலைப்பில்தான் தேட வேண்டும்.

நேரத்தை 1948, 1949 சட்டங்களுக்குக் கொடுங்கள். 1948-இன் 18-ஆம் சட்டமான இலங்கைக் குடியுரிமைச் சட்டப்படி, இலங்கையிலேயே பிறந்தவரும் தன் தகப்பனார் அங்கே பிறந்தவர் என்று நிறுவ வேண்டும்; இல்லையென்றால் அப்பாவழித் தாத்தாவும் பூட்டனாரும் அங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து இங்கே பெற்ற பிள்ளையாகத் தகப்பனார் இருந்தால் முதல் வழி அடைபடும்; பிறகு தாத்தா, பூட்டனார் இருவருக்கும் சான்று வேண்டும். அங்கேயே பிறந்திருந்தாலும் லயன் வீட்டில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) பிறப்புச் சான்று எங்கே இருக்கும்? விடையில் இந்தக் காரணத்தை எழுதுங்கள். வெறும் 'பாகுபாடு' என்ற சொல் போதாது. 1949-இன் 3-ஆம் சட்டம் பதிவுக்கு வழி விட்டது: 1946 ஜனவரி 1-க்கு முன் தொடர்ச்சியாக, மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் வசித்திருக்க வேண்டும். அதே 1949-இன் தேர்தல் திருத்தச் சட்டம் (எண் 48) வாக்குரிமையைப் பறித்தது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

1964 அக்டோபர் 30 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தைக் கணக்காகவே மனதில் வையுங்கள். இலங்கையில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினர் மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதி, 75,000 வீதம் பிரித்தார்கள். கூட்டிப் பார்த்தால் இந்தியா 6,00,000, இலங்கை 3,75,000. கூட்டுத்தொகை இடிக்கிறதென்றால் எங்கோ ஒரு எண் தவறு. பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் விருப்பம் கேட்டு இந்த எண்களை முடிவு செய்யவில்லை; மதிப்பீட்டுக் கேள்வியில் இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

தாயகம் திரும்பியோரையும் 1983-க்குப் பின் வந்த அகதிகளையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள். முன்னவர் இந்தியக் குடியுரிமையோடு வந்தவர். பின்னவருக்கு அது இல்லை. அவர்கள் பிள்ளைகளின் நிலையைப் பிறந்த தேதி தீர்மானிக்கிறது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த அக்காள் பிறப்பால் இந்தியர். 1988-இல் அதே முகாமில் பிறந்த தம்பி இந்தியர் அல்ல. 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும் என்று சட்டம் மாறியதுதான் காரணம். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகியது: ஒருவர் குடிமகன் என்றால் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. அண்டை நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு 2019 திருத்தம் தந்த சலுகையில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மட்டுமே உண்டு, இலங்கை இல்லை.

2004 டிசம்பர் 3 விதியைக் கொண்டுவந்த திருத்தத்தின் பெயரில் 2003 இருக்கும், நடைமுறைக்கு வந்தது 2004. கைடை நம்பாமல் 1955 குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவை நேரடியாகப் படித்துவிடுங்கள், ஒரு பக்கம்தான்.