பின்பக்க ஷாக் அப்சார்பரை வீட்டிலேயே மாற்றலாம்

ஸ்பீடு பிரேக்கர் தாண்டிய பிறகும் பின்பக்கம் ஆடிக்கொண்டே இருக்கிறது, ஷாக்கின் மேல் எண்ணெய் வழிந்து புழுதி அப்பிக் கிடக்கிறது என்றால் மாற்ற வேண்டியதுதான், அதுவும் இரண்டையும் சேர்த்தே. ஸ்விஃப்ட் காரில் பின்னால் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி, அதனால் ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி தேவையில்லை. வண்டியைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, ஷாக்கின் போல்ட்டைக் கழற்றும் முன் ஆக்சிலுக்கு அடியில் ஒரு ஜாக்கி முட்டுக்கொடுங்கள், இல்லாவிட்டால் அது கீழே தொங்கி பிரேக் ஹோஸை இழுக்கும். துருப்பிடித்த கீழ் போல்ட்டுக்கு முந்தின இரவே டபிள்யூடி-40 அடித்து ஊறவிட்டேன், அப்படியும் ஸ்பேனரில் நீளமான குழாயைச் செருகித் தொங்கிய பிறகுதான் அசைந்து கொடுத்தது. மேல் நட்டு வேறு ரகம்: திருப்பினால் ஷாக்கின் ராடும் கூடவே சுற்றும், அதைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஸ்பேனர் வேண்டும். அப்புறம், கீழ் போல்ட்டின் கடைசி முறுக்கு சக்கரம் தரையில் பதிந்து வண்டியின் எடை இறங்கிய பிறகே. தூக்கிய நிலையிலேயே இறுக்கினால் போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் புஷ் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.