பேங்காக்கில் இறங்கும் முன் டிக்கெட்டில் மூன்றெழுத்தைப் பாருங்கள்

கோலாலம்பூரிலிருந்து பேங்காக் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி பத்து நிமிடம். அதில் ஒரு குறையும் இல்லை. பட்ட பாடெல்லாம் இறங்கிய பிறகுதான்.

அங்கோர் வாட்டைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. பேங்காக் வழியாகக் கம்போடியாவின் சியாம் ரீப் போனால் மலிவு என்று பயண முகவர் இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக எடுத்துக் கொடுத்தார். 11.10க்கு இறங்கி 3.30க்கு ஏற வேண்டும். "நாலு மணி நேரம் இருக்கிறது, நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்" என்றார். இறங்குவது டோன் முவாங் விமான நிலையம், ஏறுவது சுவர்ணபூமி விமான நிலையம் என்பதை மட்டும் சொல்லவில்லை. இரண்டு டிக்கெட்டிலும் பேங்காக் என்றே இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் விமான நிலையக் குறியீடு: ஒன்றில் டிஎம்கே (டோன் முவாங்), மற்றதில் பிகேகே (சுவர்ணபூமி). அதைத்தான் நான் பார்க்கத் தவறினேன்.

2006இல் சுவர்ணபூமி திறந்த பிறகு, பழைய டோன் முவாங்கில் இப்போது பெரும்பாலும் மலிவுக் கட்டண விமானங்கள்தான். ஒன்று நகரத்துக்கு வடக்கே, மற்றது கிழக்கே. சாலை வழி 40 கிலோமீட்டருக்கு மேல்.

விமான நிலையம் மாற வேண்டுமென்றால் தாய்லாந்துக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். நுழைய வேண்டுமென்றால் 2025 மே முதல் மின்னியல் வருகை அட்டை கட்டாயம். "வழிப்பயணிக்கு அதெல்லாம் வேண்டாம்" என்று முகவர் சொல்லியிருந்தார். குடிநுழைவு வரிசையின் முகப்பிலிருந்து எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். தூண் ஓரம் நின்று கைப்பேசியில் நிரப்பினேன். அம்மா தன் கடப்பிதழைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்து, எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தார். ஓர் எழுத்து தவறி, முதலிலிருந்து மறுபடியும். வீட்டில் இருந்தபடியே மூன்று நாள் முன்னதாக நிரப்பியிருக்கலாம். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் உடனே மூடிவிடுங்கள்.

பெட்டியும் கையுமாக வெளியே வந்தபோது மணி 12.30. இரண்டு நிலையங்களுக்கும் இடையே இலவசப் பேருந்து உண்டு; அடுத்த விமானத்தின் டிக்கெட்டைக் காட்டினால் போதும். நல்ல வேளையாக அதைத் தாளில் அச்சடித்து வைத்திருந்தேன், கைப்பேசி அப்போது அணையும் நிலையில் இருந்தது. பேருந்து ஒரு மணிக்குத்தான் கிளம்பியது. நெடுஞ்சாலையில் வண்டிகள் நின்று நின்று நகர, அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கைப்பையின் வாரை மட்டும் முறுக்கிக்கொண்டே இருந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

சுவர்ணபூமியில் நான்காம் தளத்துக்கு ஓடிப் பெட்டியைத் தராசில் வைத்தபோது 2.26. முகப்பு மூடுவது 2.30க்கு.

திரும்பும் டிக்கெட்டை அன்றிரவே எடுத்து வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் பிகேகே. பேங்காக்–கோலாலம்பூர் மட்டும் மூன்று மணி பத்து நிமிடம் போலத் தெரிந்தது. மலேசியக் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால் வரும் வித்தியாசம் அது. அதையும் அம்மாவுக்கு விளக்கிச் சொன்ன பிறகுதான் அவர் படுக்கப் போனார்.